மூணடுக்கு கிரீடமா, கம்பளிப் பட்டையா?

முன்னாடி எல்லாம் போப்புக்குப் பதவியேற்பு இல்ல, முடிசூட்டு விழாதான், டியாரான்னு மூணடுக்கு கிரீடம் வைப்பாங்க. கடைசியா அப்படி சூட்டிக்கிட்டவர் ஆறாம் பவுல், 1963ல. அடுத்த வருஷம் நவம்பர் 13ஆம் தேதி அவரே அதைக் கொண்டுபோய் புனித பேதுரு பேராலய பீடத்துல வச்சுட்டாரு, ஏழைகளுக்காகன்னு. இப்போ அது வாஷிங்டன் பேராலயத்துல இருக்கு. சரியா எட்டு நாள் கழிச்சு ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலகம் பூரா இருக்கற கத்தோலிக்க ஆயர்கள் கூடுன கூட்டம், ஏடு ஒண்ணு வெளியிட்டுச்சு, ஞானஸ்நானம் வாங்குன எல்லாருக்குமே கிறிஸ்துவோட பணியில பங்கு உண்டுன்னு!

1978ல முதலாம் ஜான் பால் முடிசூட்டே வேண்டாம்னுட்டாரு, பாலியம் போதும்னு.

பாலியம்னா வெள்ளைக் கம்பளிப் பட்டை, அதுல சிலுவைகள் போட்டிருக்கும், தோள்ல சுத்திப் போடுவாங்க, காணாமப்போன ஆட்டை மேய்ப்பன் தோள்ல தூக்கிட்டு வர்ற மாதிரி. போப்புக்கு மட்டும் இல்ல, பல மறைமாவட்டங்கள் சேர்ந்த மறைமாநிலத்துக்குத் தலைவரா இருக்கற பேராயர்களும் போடுவாங்க, அதாவது நம்ம மதுரைப் பேராயருக்கும் உண்டு.

என் ஓட்டு பாலியத்துக்குத்தான். கிரீடம் தலைக்கு மேல ஏறி உக்காருது, இது சுமையைத் தோள்ல வைக்குது, சீடர்கள் காலைக் கழுவுன இயேசு பேரால பதவில இருக்கறவங்களுக்கு இதான் பொருந்தும். ஆனா தமாஷ் என்னன்னா வத்திக்கான் கொடியில இன்னைக்கும் அந்தக் கிரீடம்தான் இருக்கு, சாவிகளுக்கு மேல.