ஜெர்மன் சில்வர் போல்ஸ்டர், ‘தானாக ஏறிய பாட்டினா’: பழைய மடக்குக் கத்தி வாங்குபவர்கள் கவனிக்க

பழைய மடக்குக் கத்திகளை ஆன்லைனில் வாங்குபவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த ஆர்டரைப் போடுங்கள். எனக்கு ஒரு கத்தியை ஏமாற்றி விற்றவரின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைப் பலர் பல பெயர்களில் செய்கிறார்கள், ஆளைவிட வித்தையைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

விளம்பரத்தில் சொன்னது: கார்பன் எஃகு அலகு, கொம்புக் கைப்பிடி, ஜெர்மன் சில்வர் போல்ஸ்டர், பல ஆண்டுப் பயன்பாட்டில் தானாக ஏறிய பாட்டினா, அதாவது எஃகின் மேல் படியும் கருமை. விலையும் வயதுக்கேற்ற விலைதான். வந்ததோ நரை மயிர் ஒட்டிக்கொண்ட இளவட்டம்.

முதலில் போல்ஸ்டர். அலகு திரும்பும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் உலோகப் பூண் அது. ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது, பெரும்பங்கு செம்பு. அதனால் வயதாக ஆக மினுமினுப்பு போய், லேசாக மஞ்சள் தோய்ந்த சாம்பல் நிறத்துக்கு வரும். ஈரத்தில் கிடந்தால் பச்சைக் களிம்பு கட்டும். சிவப்புத் துரு மட்டும் அதில் பிடிக்காது. என் கத்தியின் போல்ஸ்டர் ஓரத்திலோ சிவப்புத் துரு! துணியால் தேய்த்ததும் மூலையில் வெள்ளைப் பூச்சு விலகிச் செம்பு தெரிந்தது, செம்புக்கு அடியில் இரும்பு. நிக்கல் முலாம் நன்றாகப் பிடிக்க, அடியில் மெல்லிய செம்பு அடுக்கு கொடுப்பது முலாம் தொழிலில் சகஜம்.

காந்தம் வைத்துப் பார் என்பார்கள். பாதி சரி. ஜெர்மன் சில்வரையும் பித்தளையையும் காந்தம் இழுக்காதுதான். ஆனால் போல்ஸ்டருக்கு உள்ளே அலகின் அடியும், அலகை அழுத்திப் பிடிக்கும் முதுகு வில்லும் எஃகு. வலுவான காந்தம் அவற்றைப் பிடித்து இழுத்து, நல்ல கத்தியையும் போலியாகக் காட்டிவிடும். சின்னக் காந்தமொன்றை நூலில் தொங்கவிட்டு, அலகில் எப்படி இழுக்கிறது, போல்ஸ்டரில் எப்படி இழுக்கிறது என்று ஒப்பிடுங்கள். எனக்கு வந்ததில் இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில் போய் ஒட்டியது. இரும்பு போல்ஸ்டர் வைத்த அருமையான பழைய கத்திகளும் உண்டு, இரும்பு என்பது குறையே இல்லை. அதை இன்னொன்றாகச் சொல்லி விற்பதுதான் கோபம்.

இனி அலகு. பழமும் வெங்காயமும் நறுக்க நறுக்க, அவற்றின் அமிலம் கார்பன் எஃகைச் சாம்பலாகவும் நீலமாகவும் மாற்றும். இந்தக் கருமை ஓரளவு கவசம் மாதிரி. சிவப்புத் துருவோ உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். பயன்பாட்டில் வந்த பாட்டினா ஒருபோதும் சீராக இருக்காது. நறுக்கும் பக்கம் அழுத்தமாக, கீல் பக்கம் வெளிறி, சாணை பிடித்த விளிம்பில் வெள்ளைக் கோடாக, திட்டுத்திட்டாக இருக்கும். என் கத்தியில் நகம் வைத்துத் திறக்கும் பள்ளத்தின் அடிவரை ஒரே கருப்பு. கூர்முனையும் கருப்பு. முக்கியெடுத்தால்தான் அப்படி வரும்.

வினிகரிலோ கடுகு விழுதிலோ வேண்டுமென்றே கறுக்க வைப்பது தப்பில்லை, புதுக் கத்திக்குப் பலர் ஆசையாகச் செய்கிறார்கள். செய்தால் அமிலத்தை நன்றாகக் கழுவி, கீலுக்குள் ஈரமில்லாமல் உலர்த்தி எண்ணெய் விடணும். எனக்கு விற்றவர் அதைக்கூடச் செய்யவில்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் புளிப்பு வாடை. கீலில் எண்ணெய் விட்டு அலகைத் திறந்து மூடினால் காவி நிறத்தில் ஊறி வருகிறது. உள்ளே அரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், வெளியே எவ்வளவு துடைத்தும் பயனில்லை.

கேட்டதற்கு வந்த பதில்: “பழைய பொருள் என்றால் துரு இருக்கத்தான் செய்யும் சார், பாட்டினா தெரியாதவர்கள் வாங்கக் கூடாது.”

வாங்குவதற்கு முன் மூன்று படங்கள் கேளுங்கள்: அலகை பாதி திறந்து கீலின் உட்புறம், நகப்பள்ளத்தின் நெருக்கப் படம், போல்ஸ்டரும் கைப்பிடிக்கு உள்பக்கம் இருக்கும் பித்தளைத் தகடும் சேரும் விளிம்பு. முலாம் பூசியது அந்த விளிம்பில்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். “படத்தில் இருப்பதுதான்” என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

விற்பனைத் தளத்தில் படங்களோடு புகார் கொடுத்து, விமர்சனமும் எழுதினேன். அதை நீக்கினால் பாதிப் பணம் தருவதாக இப்போது செய்தி அனுப்புகிறார். நீக்கவில்லை.