ஆறு மாதம் முடிந்ததும்: டப்பா மாவா, முளைகட்டிய கேழ்வரகா?

ஆறு மாதம் முடிந்தால் தாய்ப்பாலோடு கூட ஏதாவது கொடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. என்ன கொடுப்பது என்பதில்தான் வீட்டுக்குள்ளேயே கட்சி பிரியும். எங்கள் மகளுக்காக நான் எடைபோட்டது இரண்டை: கடையில் விற்கும் குழந்தை உணவுப் பொடி, வீட்டில் முளைகட்டி அரைத்த கேழ்வரகு மாவு. இரண்டாவதைத்தான் கொடுத்தேன். இப்போது யாராவது கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

விலையில் வீட்டு மாவு ஜெயிக்கும், வசதியில் டப்பா. ரயிலிலும் கல்யாண மண்டபத்திலும் வெந்நீர் கிடைத்தால் போதும், டப்பா மாவு தயார். வாங்குவதானால் பின்பக்கப் பட்டியலைப் படித்து, சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து எடுங்கள். வீட்டுக் கூழிலும் ஒரு வயது வரை சர்க்கரை, வெல்லம், உப்பு வேண்டாம். தேன் கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமி வித்துகள் அந்த வயதுக் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கூழின் பதம். ஆறிலிருந்து எட்டு மாதத்தில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு மேலுணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி தேவை. வயிறோ சின்னது, கிலோ எடைக்கு 30 மில்லி என்பது பொதுக் கணக்கு. சாதாரண கேழ்வரகு மாவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலே களியாக இறுகிவிடும். விழுங்க வரவில்லையே என்று தண்ணீரைக் கூட்டினால் வயிறு நிறையும், சத்து சேராது. துணியில் வடிகட்டிய ராகிப் பாலிலும் இதே சிக்கல்தான். முதல் சில நாட்களுக்குச் சரி, மாதக்கணக்கில் அதையே கொடுப்பது போதாது.

முளைகட்டுவது இங்கேதான் கைகொடுக்கிறது. முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உருவாகிறது. கூழ் சூடாகும்போது அது மாவுச்சத்தை உடைத்து இளக வைக்கிறது. ஆகவே அதே தண்ணீரில் கூடுதல் மாவு போட்டும் குழந்தை விழுங்கும் பதம் வரும். தமிழ்நாட்டு அங்கன்வாடிச் சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு உண்டு. கரண்டியைச் சாய்த்தால் கூழ் தண்ணீராக ஓடக் கூடாது, மெதுவாக வழிய வேண்டும். நான் பார்ப்பது அவ்வளவுதான்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. கல் பொறுக்கி, இரவு ஊறவைத்து, தண்ணீர் வடித்துத் துணியில் கட்டி வைத்தால் ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்க்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, லேசாக மட்டும் சூடுகாட்டுங்கள். கருக வறுத்தால் அந்த நொதி போய்விடும், முளைகட்டிய பாடு வீண். அப்புறம் அரைத்துச் சலிக்க வேண்டும். மில்லில் கொடுத்தால், மிளகாய் அரைத்த கையோடு இதைப் போட விடாதீர்கள். கொஞ்சமாக அரைத்து வைப்பதே நல்லது, மழைக்காலத்தில் சீக்கிரம் வண்டு விழும்.

பதத்தை நாளுக்கு நாள் நாமே கெட்டியாக்கலாம் என்பது அடுத்த ஆதாயம். கூழிலிருந்து மசித்த பருப்பு சாதம், பிறகு அரைகுறையாக மசித்தது என்று நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து மாதம் தாண்டியும் மொழுமொழுவென்றே ஊட்டினால், கட்டியான சாப்பாட்டைப் பின்னால் ஏற்கச் சிரமப்படும் குழந்தைகள் உண்டு.

இரும்புச்சத்தில் மட்டும் டப்பா முந்துகிறது, அதை மறைக்கக் கூடாது. பிறக்கும்போது உடலில் இருந்த இருப்பு ஆறு மாதவாக்கில் குறைந்துவிடும், தாய்ப்பாலில் கிடைப்பதும் சொற்பம். கேழ்வரகின் பலம் கால்சியம், 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். அதிலுள்ள கொஞ்சம் இரும்பும் உடலில் எளிதாகச் சேராது, முளைகட்டினால் ஓரளவு மேம்படும். டப்பா மாவில் இரும்பைத் தனியாகச் சேர்த்திருப்பார்கள். நாங்கள் இதை முட்டை, நன்றாக வேகவைத்து மசித்த மீன், ஈரல் கொண்டு ஈடுகட்டினோம். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள், கிராமச் செவிலியரிடம் கேட்டு வாங்குங்கள். சைவ வீடுகளில் அதைத் தவறவே விடக் கூடாது.

குழந்தையே கையால் எடுத்துச் சாப்பிடட்டும் என்ற முறையில் எனக்கு அனுபவம் குறைவு. வேகவைத்த கேரட் துண்டு, இட்லித் துண்டு என்று இடையிடையே கொடுத்ததோடு சரி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் என் கணக்கு பொருந்தாது, அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முளைகட்டியதை முழுசாக உலர்த்த இடமும் நேரமும் இல்லாத வீட்டில், பூஞ்சை வாடை அடிக்கும் மாவைக் காட்டிலும் சர்க்கரை இல்லாத டப்பாவே மேல்.