சிம்ஸ் 4 பேக்குகள்: எது வீட்டுக்குள் வருகிறது, எது ஊரோடு நின்றுவிடுகிறது

சிம்ஸ் 4 என்பது சிம் என்ற கற்பனை மனிதர்களைக் குடிவைத்து, அவர்களுடைய அன்றாடத்தை நாமே நடத்தும் கணினி ஆட்டம். பேக் என்பது அதோடு காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் பகுதி. ஒரு பேக் காசுக்குத் தகுமா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அதோடு வரும் புது ஊருக்குப் போகாமல், பழைய வீட்டிலேயே ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை ஓட்டினால், அங்கே ஏதாவது மாறியிருக்கிறதா? மாறியிருந்தால் வாங்கலாம். ட்ரெய்லர், மதிப்பெண் எதுவும் எனக்கு இந்த அளவுக்கு உதவியதில்லை.

சிம்ஸ் 4 வந்தது 2014 செப்டம்பரில். அன்றைக்கு நீச்சல் குளம்கூடக் கிடையாது. நடை பழகும் குழந்தைகள் 2017 ஜனவரியில்தான் வந்தார்கள். 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை ஆட்டம் இலவசம். செலவெல்லாம் அதற்கு மேல்தான். பெரிய வகையான எக்ஸ்பான்ஷன் பேக்கின் அமெரிக்க விலை 39.99 டாலர், அதைவிடச் சிறிய கேம் பேக் 19.99, இன்னும் சிறிய ஸ்டஃப் பேக் 9.99, எல்லாவற்றிலும் சிறிய கிட் 4.99. எல்லாவற்றையும் முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடும். அப்படி யாரும் வாங்க வேண்டாம். பாதி விலைத் தள்ளுபடி அடிக்கடி வருகிறது, காத்திருங்கள்.

எங்களுக்குப் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளமும் தமிழும், சந்தைக்குப் பொள்ளாச்சி. ஓணமும் உண்டு, பொங்கலும் உண்டு. அதனால் முதலில் வாங்க வேண்டியது எது என்று கேட்டால் யோசிக்காமல் சீசன்ஸ் என்பேன். 2018 ஜூனில் வந்த பேக். தனியாக ஊர் எதுவும் அதில் இல்லை, அதுவே அதன் பலம். மழை, வெயில், பனி எல்லாம் ஏற்கெனவே இருக்கிற எல்லா ஊர்களுக்கும் வந்துவிடுகின்றன. பருவம் ஒன்றுக்கு ஏழு நாள் என்பது இயல்பான கணக்கு. அதைப் பதினான்காகவோ இருபத்தெட்டாகவோ கூட்டிக்கொள்ளலாம். நான் பதினான்கில் வைத்திருக்கிறேன். ஏழு நாளில் நட்டது வளர்வதற்குள் பருவம் மாறிவிடுகிறது.

இதிலுள்ள காலண்டரில் நாமே பண்டிகை உருவாக்கலாம். பெயர், நாள், அன்று பள்ளியும் வேலையும் உண்டா இல்லையா, என்னென்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் நம் கையில். இலையுதிர் காலத்தில் ஓணம் வைத்தேன்: விருந்து, விருந்தாளிகளை அழைப்பது, வீட்டை அலங்கரிப்பது. குளிர்காலத்தில் பொங்கல். முதல் பொங்கலன்று காலையில், ஆட்டத்தில் நான் குடியிருந்த வில்லோ கிரீக் ஊரில் முழங்கால் அளவு பனி. சிம் குடும்பம் ஸ்வெட்டரோடு வாசலில் நிற்கிறது, பையன் பனியில் உருண்டுகொண்டிருக்கிறான். அப்புறம் குடும்பத்தோடு ஓயாசிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குடிபெயர்த்தேன். அது பாலைவன ஊர், பனி விழாது. கோடையில் அனல் வீசும்போது கனமான துணியோடு வெளியே நின்றால் சிம் செத்தே போகலாம். மீனாட்சிபுரத்தில் ஏப்ரல் மாதம் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்டத்தில் மழை பெய்தால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலை மிச்சம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. எங்கள் பக்கம் மழை மறைவுப் பகுதி, ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம்.

அடுத்தது காட்டேஜ் லிவிங், 2021 ஜூலை. ஹென்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயக் கிராமம் ஒன்று கூட வருகிறது. அழகுதான், ஆனால் நான் அங்கே வசிப்பதில்லை. இதில் வரும் மாட்டுத் தொழுவத்தையும் கோழிக்கூட்டையும் எந்த ஊர் மனையிலும் வைக்கலாம். தினமும் மாட்டுக்குத் தீனி போட வேண்டும், அழுக்கானால் கழுவ வேண்டும், கொஞ்ச வேண்டும், அப்புறம்தான் பால். கோழிக்கூட்டுக்கு நரி வரும். இதோடு ‘எளிய வாழ்க்கை’ என்ற சவாலையும் மனைக்கு வைத்துவிட்டால், சமையலுக்கு வேண்டிய பொருள் கையில் இல்லாமல் அடுப்புப் பற்றவைக்க முடியாது. அதுவரை காசு கழிந்தாலே சோறு வந்துகொண்டிருந்த ஆட்டம் அங்கே மாறிவிடுகிறது. காலையில் முட்டை எடுத்தால்தான் மதியம் சமையல்.

அம்மாவுக்கு இந்தப் பேக் மட்டும் பிடிபட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், “ஏன் கண்ணு, கன்னே போடாம மாடு எப்படிப் பால் கறக்குது?” என்றார். உண்மைதான். ஆட்டத்தில் கோழி குஞ்சு பொரிக்கும், மாடு கன்று போடாது. தொழுவத்தில் காசு கொடுத்து மாடு வாங்கினால் அன்றாடம் பால். அக்கா மகள் விசேஷத் தீனி போட்டுச் சாக்லேட் பால் கறந்து காட்டியதும், “போதும், அணைச்சு வை” என்று எழுந்து போய்விட்டார்.

குடும்பமாக விளையாடுகிறவர்களுக்கு க்ரோயிங் டுகெதர் (2023 மார்ச்). கைக்குழந்தைகள் அதே மாதம் எல்லாருக்கும் இலவசமாகவே வந்துவிட்டார்கள். அதற்காக மட்டும் இதை வாங்க வேண்டாம். உறவுக்குள் இருக்கும் தன்மைக்காக வாங்கலாம்: கண்டிப்பான அப்பா, எதற்கும் விட்டுக்கொடுக்கும் அம்மா, ஒட்டாத மகன் என்று ஆளுக்கு ஆள் நிலை மாறும், பேச்சும் அதன்படி மாறும். காசு குறைவென்றால் 2017-இல் வந்த பேரன்ட்ஹூட் என்ற கேம் பேக் போதும். மரியாதை, பொறுப்பு, பரிவு போல ஐந்து குணங்கள், பிள்ளை வளர்க்கும் விதத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். விலையையும் சேர்த்துப் பார்த்தால் என் கணக்கில் இதுதான் முதலிடம்.

ஆனால் எந்தப் பேக்கும் தீர்க்காத குறை ஒன்று உண்டு. ஒரு வீட்டில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. பாட்டி தாத்தா, பெரியப்பா குடும்பம், நாம், கல்யாணமாகாத அத்தை என்று நம்ம வீட்டுக் கணக்கைப் போட்டால் பிள்ளைகளுக்கு இடமில்லை. 2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட் பாதி வழி விடுகிறது. ஒரே மனையில் ஆறு குடித்தனம் வரை வைக்கலாம். வளவு வீடு மாதிரி நடுவில் முற்றம் விட்டுக் கட்டி, பெரியப்பா வீட்டை எதிரே வைத்தேன். ஒட்டுக்கேட்பது, அடுத்த வீட்டைத் துழாவுவது எல்லாம் இந்தப் பேக்கில் உண்டு என்பதால் சூழல் ரொம்பவே அசல். ஒரு நேரத்தில் ஒரு குடித்தனத்தைத்தான் ஆட்டிவைக்க முடியும், எதிர்வீட்டுக்காரர்கள் அவர்கள் பாட்டுக்கு நடப்பார்கள். அதுவும் அசல்தான்.

லைஃப் அண்ட் டெத் (2024 அக்டோபர்) எனக்கு எதிர்பாராத சந்தோஷம். பேய்க் கதை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். உயில் எழுதலாம், குலப்பொருளை யாருக்கு என்று சொல்லிவைக்கலாம், சாவு வீட்டுச் சடங்கு நடத்தலாம். மறுபிறவிகூட உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தை ஓட்டுகிறவர்களுக்கு இது இல்லாமல் சரிப்படாது. நிலம் பாதி கேரளத்திலும் பாதி தமிழ்நாட்டிலுமாக இருக்கும் வீட்டில் பிறந்தவன் சொல்கிறேன், இரண்டு வில்லேஜ் ஆபீஸுக்கு அலையாமல் பாகம் பிரிவது பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. ஐலண்ட் லிவிங்கில் கடல் கண்ணுக்கு நிறைவு, ஆனால் அதன் தீவு ஊரான சுலானியை விட்டுக் கிளம்பினால் அதில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். கெட் ஃபேமஸ் நடிகனாக ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். ஃபேஷன் ஸ்ட்ரீட் கிட் மும்பைத் தெருவை வைத்துச் செய்த உடைகள். விலை குறைவு, நம்ம முகங்களுக்குப் பொருந்துகிறது. ஆட்டத்தில் தமிழ் கிடையாது, மெனுவெல்லாம் ஆங்கிலத்தில்தான். சிம்கள் பேசுவது யாருக்கும் புரியாத சிம்லிஷ் என்பதால் அந்த வகையில் எல்லாரும் சமம்.

பேக் கூடக் கூட லோடிங்கும் கூடும். 8 ஜிபி ராம் இல்லாத லேப்டாப்பில் நிறையச் சேர்க்காதீர்கள். அடுத்த தள்ளுபடியில் ஹார்ஸ் ராஞ்ச் வாங்குவதாக இருக்கிறேன். குதிரை எனக்கு வேண்டாம், அதில் குட்டி ஆடுகள் இருக்கின்றன.