ஹார்லெம் சில்வியாஸ்: என்ன ஆர்டர் பண்ணலாம்?

நியூயார்க் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் 1962 முதல் நடக்கிற சோல் ஃபுட் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் தென்மாநிலப் பாரம்பரியச் சமையல்) கடை சில்வியாஸ். தொடங்கிய சில்வியா வுட்ஸ் தென் கரோலினாக்காரர். கைப்பக்குவமும் அந்தப் பக்கத்துதான். ஒரு கறி, தொட்டுக்கொள்ள இரண்டு என்பது இவ்வகைக் கடைகளின் வழக்கமான கணக்கு.

கறிக்குப் பொரித்த கோழி. தொடைத்துண்டு கேளுங்கள், நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டுவிடும். எண்ணெய் 175 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்க வேண்டும். சூடு குறைந்தால் மேல்மாவு எண்ணெய் குடிக்கும். கூடினால் மேலே கருகி, எலும்போரம் வேகாமல் நிற்கும். பார்சல் என்றால் டப்பாவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும்.

ஆனால் சோல் ஃபுட் சமையலின் கைப்பக்குவம் தெரிவது காலர்ட் கீரையில்தான். முட்டைக்கோஸ் இனம், தடித்த இலை. நம் முளைக்கீரை மாதிரி ஐந்து நிமிடத்தில் வேகாது. புகையூட்டிய இறைச்சியோடு ஒரு மணி நேரமாவது கொதிக்க வேண்டும். நறநறவென்றால் அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கிண்ணத்தடியில் தேங்கும் சாற்றை விட்டுவிடாதீர்கள். சோளரொட்டியைப் பிட்டு அதில் தோய்த்துச் சாப்பிட்டால், கோழியே இரண்டாம்பட்சம்!

சைவர்கள் கவனிக்க: சோல் ஃபுட்டில் கீரையிலும் காராமணியிலும்கூடப் பன்றியோ வான்கோழியோ கிடக்கும். கேட்டுவிட்டு ஆர்டர் பண்ணுங்கள். மெனுவில் ‘யாம்’ என்றிருப்பது சேனை அல்ல, பாகில் ஊறிய சர்க்கரைவள்ளி. அதோடு ஸ்வீட் டீயும் சேர்ந்தால் திகட்டிவிடும்; தண்ணீரே போதும்.