ப்ளஃபர்ஸ் பார்க்கில் இருந்து சால்மன் பிடிக்கப் போகும் சாட்டர் படகு: காசுக்குத் தகுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தகும். ஜூலை மாதம், விடியப்புறப் பயணம், நாலைந்து பேர் சேர்ந்து காசைப் பகிர்ந்தால் நன்றாகவே தகும். செப்டெம்பரில் பெரிய மீனோடு படம் எடுப்பதற்காக மட்டும் போகிறீர்கள் என்றால் அது வேறு கதை, கீழே வருகிறேன். சாட்டர் என்றால் கப்டனோடு சேர்த்து முழுப் படகையும் வாடகைக்கு எடுப்பது. ஸ்காபரோவின் ப்ளஃபர்ஸ் பார்க்கில் இருந்து நாங்கள் எடுத்த படகின் பெயரை இங்கே போடவில்லை. ஒன்றிரண்டு குறையும் எழுதப் போகிறேன், கப்டனும் ஒரு உதவியாளும் மட்டும் நடத்துகிற சின்னத் தொழில் அது. ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் போர்ட் கிரெடிட், ஸ்காபரோ, விற்பி, போர்ட் ஹோப் என்று எங்கே படகு எடுத்தாலும் நடைமுறை ஏறத்தாழ இதுதான், அதனால் வேறு படகை யோசித்துக்கொண்டிருப்பவருக்கும் இது உதவும்.

அரைநாள் பயணம் என்றால் ஐந்து மணித்தியாலம். படகு முழுவதற்கும் ஒரே விலை, ஆள் குறைந்தால் ஆளுக்கு விழும் பங்கு கூடும். எங்களுக்கு உதவியாளுக்குக் கொடுத்த டிப்ஸும் சேர்த்து ஆளுக்கு 150 டொலருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. ரொட், ரீல், தூண்டில், ஐஸ், உயிர்காப்பு அங்கி எல்லாம் படகிலேயே இருக்கிறது. மீன்பிடி லைசென்ஸ் மட்டும் எங்கள் பொறுப்பு, அதை எந்தச் சாட்டரும் தராது. 18 வயதில் இருந்து 64 வயது வரையானவர்கள் எடுக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு நாள் போகிறவருக்கு ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் (மீன்பிடிக்கும் வேட்டைக்கும் மாகாணம் தருகிற அட்டை) தேவையில்லை, இணையத்தில் எடுக்கலாம். 65 வயது தாண்டிய ஒன்ராறியோவாசிகள் பிறந்த திகதி உள்ள அரசாங்க அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். எங்களோடு வந்த மாமா அப்படித்தான் வந்தார்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் மயிலிட்டிப் பக்கம் கடலில் மீன்பிடித் தொழில் செய்தவர், வலையும் தூண்டிலும் இரண்டும் தெரிந்தவர். அவரை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை என்பதால் இந்தப் படகுக்கு அவர் போட்ட புள்ளிகளைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பிரிம்லி வீதியின் இறக்கத்தில் இறங்கி, இருட்டில் படகில் ஏறி, மண்பாறைகளை விட்டு விலகி ஒரு அரை மணித்தியாலம் போனதும் கப்டன் வேகத்தைக் குறைத்தார், ஆனால் தூண்டில் எதையும் இறக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே அங்குமிங்கும் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாமா என் காதில், "தம்பி, உவன் என்னத்துக்கு ஒரே இடத்திலை சுத்துறான்?" என்று கேட்டார். நான் அதைக் கப்டனிடம் கேட்டேன். அவர் இயந்திரத்தைக் கவனித்தபடியே பதில் சொன்ன விதத்தில்தான் இந்தப் படகு எனக்குப் பிடித்துப்போனது.

அவர் தேடியது குளிர் தண்ணீரை. கோடையில் இந்த ஏரி இரண்டு தட்டாகப் பிரிந்து கிடக்கிறது: மேலே வெயிலில் சூடான தண்ணீர், கீழே கடும் குளிர், இரண்டுக்கும் நடுவே சில அடிக்குள் வெப்பம் சட்டென்று விழுகிற ஒரு படை. சினூக் சால்மனுக்குப் பிடித்தது கிட்டத்தட்ட 10 முதல் 13 பாகை செல்சியஸ். அந்த வெப்பம் எந்த ஆழத்தில் இருக்கிறதோ அதை ஒட்டித்தான் சினூக் இரை தேடும், அது 40 அடியிலும் இருக்கலாம், 100 அடியிலும் இருக்கலாம், நேற்று இருந்த ஆழத்தில் இன்று இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் மேலே கிடந்த சூட்டுத் தண்ணீர் ரொறன்ரோக் கரையை விட்டுத் தெற்கே தள்ளுப்பட, அடியில் கிடந்த குளிர் தண்ணீர் கரையோரத்துக்கு ஏறி வந்துவிடும். நடு ஜூலையில் வூட்பைன் பீச்சில் கால் வைத்ததும் விறைத்துப்போகிற நாட்கள் சில வருமே, அதற்குக் காரணம் இதுதான். குளிக்கப் போனவருக்கு அது கெட்ட நாள், மீன்பிடிக்கிறவருக்கு நல்ல நாள், ஏனென்றால் மீனும் கரைக்குக் கிட்ட வந்துவிடும். இதை ஆங்கிலத்தில் கப்டன் சொல்ல, நான் தமிழில் சொல்ல, மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, தாங்கள் தண்ணீரின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பார்த்த மாதிரி இவன் சூட்டைப் பார்க்கிறான் என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்து முடியவில்லை.

இந்தப் படகின் பலம் இதுதான். மீன் பிடித்துக் கொடுக்க எல்லாப் படகாலும் முடியும். கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்கிற கப்டன் எல்லாப் படகிலும் இல்லை. வேறொரு படகில் நாங்கள் ஒருமுறை போனபோது உதவியாள் மீன் கொளுவியதும் ரொட்டை எங்கள் கையில் திணித்துவிட்டுப் போய்விடுவார், எந்த ஆழம், என்ன தூண்டில், ஏன் அந்த நிறம் என்று ஒன்றும் தெரியாமலே வீட்டுக்கு வந்தோம்.

இங்கே பாவித்த முறை டவுன்ரிகர். படகின் பின்பக்கம் பொருத்திய ஒரு சக்கரம், அதில் மெல்லிய உருக்குக் கம்பி, கம்பி நுனியில் 12 இறாத்தல் ஈயக் குண்டு. தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் கடித்துப் பிடிக்கவைத்து, குண்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். நூலை இறுக்கிச் சுற்றி வைப்பதால் ரொட் நன்றாக வளைந்து நிற்கும். மீன் அடித்ததும் நூல் கிளிப்பில் இருந்து கழன்று, வளைந்து நின்ற ரொட் ஒரு நொடி விசுக்கென்று நிமிரும், அடுத்த நொடி தண்ணீரைத் தொடுகிற அளவுக்குத் திரும்பவும் வளையும், ரீல் அலறத் தொடங்கும். அந்த ஒரு நொடியைக் கவனிக்கச் சொல்லி உதவியாள் முன்கூட்டியே சொல்லித்தந்தது பெரிய உபகாரம். நூலின் நுனியில் இருட்டு நேரத்தில் ஒளிர்கிற பூச்சு உள்ள ஸ்பூன் என்ற கரண்டி வடிவ உலோகப் பொய்யிரை, வெளிச்சம் வந்த பிறகு ஃபிளாஷரும் அதற்குப் பின்னால் மினுங்குகிற இழைகளால் கட்டிய ஃபிளை என்ற பொய்யிரையும். ஃபிளாஷர் என்பது நீளமான பிளாஸ்ரிக் தகடு, தண்ணீரில் சுழன்று வெட்டும்போது இன்னொரு மீன் இரையைத் துரத்துகிற மாதிரித் தோற்றம் தரும். படகு மணிக்கு இரண்டு மூன்று மைல் வேகத்தில்தான் ஊரும்.

20 இறாத்தல் சினூக் ஒன்று நூறு யார் நூலை இழுத்துக்கொண்டு போகும்போது ரொட்டைப் பிடித்திருப்பவருக்குத் தோள் கழன்றுவிடும் போல இருக்கும், ரீலை அந்த நேரத்தில் சுற்றக் கூடாது, ஓட விட வேண்டும். எங்கள் மச்சாளின் மகன், பதினான்கு வயது, மெலிந்த பையன், கை நடுங்க நடுங்கக் கடைசி வரை ரொட்டை யாரிடமும் கொடுக்கவில்லை. உதவியாளும் பறிக்கவில்லை, பக்கத்தில் நின்று எப்போது தூக்குவது எப்போது தாழ்த்துவது என்று மட்டும் சொன்னார். இதற்காகவே இன்னொரு புள்ளி.

மீன் படகுக்கு வந்ததும் வாயைத் திறந்து காட்டினார்கள். சினூக்கின் கீழ்த்தாடை முரசு கறுப்பு, வாலின் இரண்டு பாதியிலும் புள்ளி. கோஹோ என்ற மற்றச் சால்மன் என்றால் பல்லடி முரசு வெளிறியிருக்கும், புள்ளி வாலின் மேல்பாதியில் மட்டும். ரெயின்போ ட்ரவுட்டின் வாய் முழுக்க வெள்ளை, கொளுவியதுமே தண்ணீருக்கு மேலே எகிறிப் பாய்வதும் பெரும்பாலும் அதுதான். இதைத் தெரிந்து வைத்திருப்பது வீண் வேலை இல்லை, இனத்துக்கு இனம் எத்தனை வைத்திருக்கலாம் என்ற கணக்கு வேறு. அட்லாண்டிக் சால்மனைப் பொறுத்தவரை இன்னும் கவனம் வேண்டும், இந்த ஏரிக்குச் சொந்தமான சால்மன் அது மட்டும்தான். ஆறுகளுக்குக் குறுக்கே அணை, மரஆலை, அளவில்லாத பிடிப்பு என்று 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அடியோடு அழிந்துபோனது. இன்று நாங்கள் பிடிக்கிற சினூக்கும் கோஹோவும் பசிபிக் கரையில் இருந்து வந்த இனங்கள், 1960களின் இறுதியில் இருந்து குஞ்சு விட்டுப் பெருக்கியவை, இந்த ஏரியில் மலிந்து கிடந்த அலெவைஃப் என்ற சின்ன மீனைத் தின்று கொழுத்தவை. அட்லாண்டிக்கைத் திரும்பக் கொண்டுவர 2006இல் கிரெடிட் ஆறு, டஃபின்ஸ் கிறீக், கோபர்க் ஓடை ஆகிய இடங்களில் குஞ்சு விடத் தொடங்கினார்கள். அப்படி ஒன்று சிக்கினால் நான் விட்டுவிடத்தான் சொல்வேன், அளவு சரியாக இருந்தாலும்.

இப்போது குறைகள். கரைக்கு வந்ததும் உதவியாள் மீனை வெட்டித் தருகிறார், வேகமான, சுத்தமான கை, எந்த இனம் என்று அடையாளம் தெரிய ஒரு துண்டுத் தோலையும் விட்டுத்தான் வெட்டுகிறார். ஆனால் இரண்டு பக்கச் சதையை மட்டும் எடுத்துவிட்டுத் தலையையும் நடுமுள்ளையும் வாளிக்குள் போட்டுவிடுவார். எங்கள் ஆட்களுக்குத் தலை இல்லாத மீன் என்ன மீன்! வேண்டும் என்றால் வெட்டத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும், பிறகு கேட்டால் முகம் சுருங்குகிறது. இரண்டாவது, கழிப்பறை மிகச் சின்னது, வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அலை நாளில் சிரமம். முன்பதிவில் அதைச் சொல்லவே இல்லை. மூன்றாவது, காற்றுக் காரணமாகப் பயணத்தை நிறுத்தினால் முற்பணத்தைத் திருப்பித் தராமல் வேறு நாள்தான் தருகிறார்கள், அந்த வேறு நாள் உங்களுக்கு லீவு நாளாக இருக்க வேண்டுமே. காற்று நாளில் போகாமல் விட்டதை நான் குறை சொல்லவில்லை, ஏரிதானே என்று நினைக்கிறவர்கள் இந்த ஏரி மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர் என்பதை மறக்க வேண்டாம். தலைச்சுற்று, சத்தி வருகிறவர்கள் முதல் நாள் இரவே மாத்திரை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தலை விஷயத்துக்குத் திரும்புகிறேன், இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதில் பாதிக்கு மேல் பிரயோசனம் இல்லை. இந்த ஏரியின் பெரிய சால்மனில் பிசிபி போன்ற பழைய ஆலைக் கழிவு இரசாயனங்கள் சேர்ந்திருக்கின்றன. மீன் வளர வளர அதுவும் கூடும், கொழுப்பில்தான் தங்கும்: தோலுக்கு அடியில், வயிற்றுப் பக்கம், தலையில். ஒன்ராறியோ அரசாங்கம் எந்தத் தண்ணீரில், எந்த இனம், எத்தனை சென்ரிமீற்றர் நீளமான மீனை மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். பிள்ளைகளுக்கும் கர்ப்பமாகக்கூடிய வயதுப் பெண்களுக்கும் அதில் தனிக் கணக்கு, மற்றவர்களை விடக் குறைவு. பெரிய சினூக்கைப் பிடித்து ஆறு வீட்டுக்குப் பங்கு போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, பங்கு போகிற வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக் கொடுங்கள். நான் சின்ன மீனை வைத்துக்கொண்டு பெரியதை விட்டுவிடுகிறேன். தலைக் குழம்புக்கு ஏரித் தலையை இப்போது எடுப்பதில்லை, மாமாவுக்கு அது பெரிய மனக்குறை.

சமையலைப் பொறுத்தவரை ஜூலைச் சினூக்கின் சதை நல்ல இறுக்கம், செம்மஞ்சள் நிறம். கொழுப்பு கூடின மீன் என்பதால் தேங்காய்ப் பாலைக் குறைத்துப் பழப்புளியையும் வெந்தயத்தையும் கூட்டி வைத்த குழம்புதான் எங்கள் வீட்டில் எடுபட்டது, தோலை உரித்து, வயிற்றுப் பக்கக் கொழுப்பை அரிந்து எறிந்துவிட்டுச் சமைக்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் முட்டையிட ஆற்று வாய்களுக்குக் கிட்ட கூடும்போது உடம்பு கறுத்து, சதை வெளிறி, குழைந்துபோய்விடும். செப்டெம்பர் வேறு கதை என்று முதலில் சொன்னது இதனால்தான், பெரிய மீன் கிடைக்கும், ஆனால் சாப்பாட்டுக்குச் சுகமில்லை. அந்த மாதம் காசு செலவழித்துப் படகு ஏறுவதை விட, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்று மீன் ஏணிக்கோ (மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய படிவழி), பக்கத்திலேயே ஹைலண்ட் கிறீக்குக்கோ போய்ச் சால்மன் எதிர்நீச்சல் போடுவதைப் பாருங்கள், அருமையான காட்சி.

கப்டன் நவம்பரில் படகைக் கரையேற்றிவிட்டு மான் வேட்டைக்குப் போகிறவர், அதையும் எங்கள் ஆட்கள் சிலர் விசாரிக்கிறார்கள். காசு கட்டிக் கூடப் போய்ச் சுடலாமா என்றால், முடியாது. வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பும் பரீட்சையும் முடித்த வேட்டை அவுட்டோர்ஸ் கார்ட், மான் லைசென்ஸ், துப்பாக்கி என்றால் மத்திய அரசின் துப்பாக்கி உரிமம், இவ்வளவும் வேண்டும். துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலம் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் உடுப்பும் அதே நிறத் தொப்பியும் கட்டாயம். வெண்வால் மானுக்கு அந்த நிறம் பெரிதாகத் தெரியாது, மற்ற வேட்டைக்காரருக்குத் தெரியும். வேட்டையாடின மான் இறைச்சியை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது, யாராவது விலை சொன்னால் விலகிவிடுங்கள். இந்தக் கப்டன் இதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லி, முதலில் வகுப்புக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புகிறார்.

முன்பதிவு செய்வதானால் ஜூலை வார இறுதிகள் மே மாதத்துக்குள் நிரம்பிவிடுகின்றன, கிழமை நாள் என்றால் சுலபம். அழைக்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: காற்றுக்காக நிறுத்தினால் முற்பணம் என்னவாகும், கழிப்பறை எப்படி, மீனை எப்படி வெட்டித் தருவார்கள். ட்ரவுட்தான் ஆசை என்றால் ஏப்ரல் கடைசி, மே மாதம் கேளுங்கள், அப்போது கரையோரத் தண்ணீர் முதலில் சூடேறுவதால் பிரவுண் ட்ரவுட்டும் கோஹோவும் ஆழம் குறைந்த இடத்தில் நிற்கும், டவுன்ரிகர் இல்லாமலே லேசான ரொட்டில் பிடிக்கலாம், அலையும் குறைவு. மாமாவுக்கு அதற்குத்தான் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.