பீட்டில் காருக்கு 200 மி.மீ. கிளட்ச் செட்: வாங்கும் முன்

கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒரே பெட்டியில் வரும் 200 மி.மீ. செட், பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு நல்ல தேர்வுதான். ஆனால் முதலில் ஃப்ளைவீல் (எஞ்சின் தண்டின் முனையில் கிளட்ச் பொருந்தும் கனமான சக்கரம்) பல்லை எண்ணுங்கள். 6 வோல்ட் மின்னமைப்புள்ள காரின் ஃப்ளைவீலில் 109 பல், கிளட்ச் விட்டம் 180 மி.மீ.; 12 வோல்ட்டில் 130 பல், 200 மி.மீ. பழைய கியர்பாக்ஸில் 130 பல் ஃப்ளைவீலைப் போட்டால் உள்சுவரில் உரசும். அங்கே கொஞ்சம் தேய்த்தெடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரும் 12 வோல்ட் பல்லுக்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளைவீலின் பல்லைத் தின்றுவிடும்.

அதிகம் பேர் ஏமாறுவது ரிலீஸ் பேரிங்கில்தான். 1971-க்கு முந்தைய கியர்பாக்ஸில் பேரிங்குக்கு வழிகாட்டும் குழாய் கிடையாது. அதற்கு நடுவில் வளையம் வைத்த பிரஷர் பிளேட் வேண்டும். பிந்தையதில் குழாய் உண்டு, வளையம் கூடாது. மாற்றிப் போட்டால் பேரிங் சீக்கிரமே ஊளையிடும். பெட்டி மேல் எழுதியிருப்பதை நம்பாமல், திறந்து வளையத்தைக் கண்ணால் பாருங்கள்.

ஃப்ளைவீலை மாற்றினால் எண்ட் பிளேயை (எஞ்சின் தண்டு முன்னும் பின்னும் அசையும் அளவு) மறுபடி அளந்தே தீர வேண்டும்: மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டு, அசைவு 0.07 முதல் 0.13 மி.மீ. இருக்க வேண்டும். ஃப்ளைவீலின் நடு நட்டுக்கு முறுக்கு விசை 253 பவுண்ட்-அடி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 18. போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஃப்ளைவீலுக்குப் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஒரு துளி எண்ணெய் பட்டாலே புது பிளேட் அதிரத் தொடங்கும்.