கீச்சொலியும் கழற்றிய பேட்டரியும்: எந்தப் புகைக் கருவியை வாங்கலாம்?

வீட்டுக்கு ஒரு புகை எச்சரிக்கைக் கருவியாவது வேண்டும் என்ற பிரெஞ்சுச் சட்டம் 2015 மார்ச் 8 முதல், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கும் பொருந்துகிறது. அந்த ஆண்டு, சேன்-ஆந்த்ரேயில் உள்ள எங்கள் வீட்டுக்கும் மலைமேல் இருக்கும் அத்தை வீட்டுக்கும் 9 வோல்ட் பேட்டரி மாற்றும் கருவிகளை வாங்கினேன். கருவிக்குள் புகையைக் கண்டறியும் உணரியின் ஆயுளே ஏறக்குறையப் பத்து ஆண்டுகள்தான். அதனால் சென்ற ஆண்டு இரண்டையும் எடுத்துவிட்டு, பேட்டரியைக் கழற்ற முடியாதபடி மூடப்பட்ட பத்தாண்டுக் கருவிகளைப் பொருத்தினேன்.

இரண்டு வகையும் புகைக் கருவிகளுக்கான ஈஎன் 14604 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டவை. மூன்று மீட்டர் தூரத்தில் குறைந்தது 85 டெசிபல் ஒலிக்க வேண்டும். பேட்டரி மாற்றும் வகை விலை குறைவு. ஆனால் ஆண்டுக்கு ஒரு பேட்டரி என்று வைத்தாலும், பத்து ஆண்டுகளில் அந்தச் சேமிப்பு கரைந்துபோகும்.

என்னை மாற வைத்தது பணமல்ல, கீச்சொலி. சிவப்பு விளக்கு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை மினுக்கினால் கருவி உயிரோடு இருக்கிறது. விடாமல் அலறினால் புகை. உடனே வெளியேற வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றைக் கீச்சு வந்தால் பேட்டரி தீர்ந்து வருகிறது. சில மாடல்களில், விளக்கு மினுக்கும் நேரத்தோடு சேராமல் வரும் கீச்சு உணரி அறையில் தூசியோ பழுதோ இருப்பதைச் சொல்லும். இந்தக் குறிகள் மாடலுக்கு மாடல் வேறுபடுவதால் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அத்தை இருப்பது பிளேன் தே காஃப்ரில், ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்தில். குளிரில் பேட்டரியின் மின்னழுத்தம் இறங்குவதால் அங்கே கீச்சொலி விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறியதும் அடங்கிவிடும். பகலில் ஒன்றும் கேட்காததால் புதுப் பேட்டரி வாங்கும் நினைவே அத்தைக்கு வரவில்லை. ஒரு நாள் தூக்கம் கெட்ட எரிச்சலில் பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். குளிர்காலம் முழுவதும் விறகு எரியும் அந்த வீட்டில், கூரையில் வெறும் பிளாஸ்டிக் வட்டம்தான் தொங்கியது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வயிறு கலங்கியது.

மூடிய கருவியில் கழற்ற எதுவும் இல்லை. அதுவும் கடைசியில் கீச்சிடும். அப்போது கருவியையே மாற்ற வேண்டும். இடையில் பழுதானால் முழுக் கருவியும் வீண் என்பது உண்மையான குறைதான். என் அனுபவம் ஓராண்டுதான். பத்தாண்டுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது.

சாம்பிராணிப் புகைக்கு இரண்டுமே அலறும். பூஜை அறை வாசலிலிருந்து தள்ளி, படுக்கையறைகளுக்குப் போகும் நடையில் பொருத்துங்கள். சில நிமிடங்கள் ஒலியை நிறுத்திவைக்கும் பொத்தான் இருந்தால் வசதி. தூசியும் பூச்சியும் எந்த வகையையும் விடாது. வெளிப்புறத் துளைகளை அவ்வப்போது வாக்யூம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும்.

வாடகை வீட்டில் கருவியை வைப்பது உரிமையாளரின் பொறுப்பு, பராமரிப்பது குடியிருப்பவரின் பொறுப்பு. குடிபுகும்போது பழைய வகைதான் இருந்தால், பின்புறத்தில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பத்து ஆண்டு தாண்டியிருந்தால் புதிதாகக் கேளுங்கள். தாண்டவில்லையென்றால், ஒரு 9 வோல்ட் பேட்டரியை முன்கூட்டியே வாங்கி வீட்டில் வையுங்கள்.

அத்தையின் புதிய கருவியின் ஓரத்தில், கீழே நின்றே படிக்கும்படி, 2035 என்று பெரிதாக எழுதியிருக்கிறேன்.